ரொட்டிக் கடைச் சுவரில் இருந்த தேதி

முகிலா,

நேற்று மதியம் நீ அனுப்பிய செய்தியை மூன்று முறை படித்தேன். "அம்மா, அஜ்மான் கடைக்கு ஆள் கிடைச்சாச்சு. ஒண்ணாம் தேதியிலருந்து டீக்கடைக்காரர் வர்றார். நேசன் அண்ணன் குடுத்த ரெண்டு செக்கும் நம்மகிட்டதான் இருக்கு. அதையும் பேங்க்ல போட்டா டபுள்!" என்று எழுதி, கைதட்டும் படம் நான்கு போட்டிருந்தாய். உன் அப்பா எட்டிப் பார்த்து, "பய பொழச்சுக்குவான்" என்று சிரித்தார். நான் பதில் போடவில்லை. கோபம் இல்லை, பயப்படாதே. அந்தச் செய்திக்கு இரண்டு வரியில் பதில் சொல்ல முடியாது. அதனால்தான் இந்தக் கடிதம். பொறுமையாகப் படி. நாங்கள் பதினாறு வருடம் சேர்த்து வாங்கிய கடையின் பொறுப்பைப் போன மாதம் உன் கையில் கொடுத்தோம். அப்போதே சொல்லியிருக்க வேண்டிய ஒன்றை இப்போது சொல்கிறேன்.

முதலில் உன்னைப் பாராட்டிவிடுகிறேன். நேசன் ஒரு வருட ஒப்பந்தம் போட்டு, ஏழு மாதத்தில் தையல் கடையை மூடிவிட்டு, ஷார்ஜாவில் தம்பி வீட்டுக்குப் போய்விட்டார். நீ பூட்டிய கதவைப் பார்த்துப் புலம்பிக்கொண்டிருக்கவில்லை. மூன்றே வாரத்தில் புது ஆளைப் பிடித்துவிட்டாய். அது கெட்டிக்காரத்தனம். கடையைச் சும்மா போட்டு வைத்துவிட்டு, போனவரிடம் முழு வருட வாடகையையும் கேட்பதுதான் சுலபம் என்று நினைக்கும் உரிமையாளர்கள் உண்டு. நீ அப்படிச் செய்யவில்லை. ஆனால் அந்த "டபுள்" என்ற சொல் என்னை இருபத்தைந்து வருடம் பின்னால் கொண்டுபோய், அல் ஐனில் ஒரு ரொட்டிக் கடைச் சுவருக்கு முன்னால் நிறுத்திவிட்டது.

உன் தாத்தாவை சூப்பர்மார்க்கெட்டில் வேலை பார்த்தவராகத்தான் உனக்குத் தெரியும். அதற்கு முன் அவர் ஒரு வீடியோ காசெட் கடை வைத்திருந்தார். அல் ஐன் சந்தைக்குப் பின்தெருவில், வரிசையாக இருந்த ஆறு சின்னக் கடைகளில் நான்காவது. தமிழ்ப் படம், மலையாளப் படம், இந்திப் படம் எல்லாம் வாடகைக்குக் கொடுப்பார். பள்ளி விட்டதும் நான் அங்கே போய்விடுவேன். காசெட்டுகளின் முதுகில் படப்பெயரை மூன்று மொழியில் எழுதி ஒட்டுவது என் வேலை. வேலை இல்லாத நேரத்தில் எதையாவது படித்துக்கொண்டிருப்பேன். புத்தகம் இல்லையென்றால் பால் டப்பா, மருந்துச் சீட்டு, தெருவில் உள்ள பலகைகள், சுவரில் தொங்கும் எதுவானாலும் சரி. அப்பாவோடு நடந்து போனால் ஒவ்வொரு பலகைக்கும் நின்றுவிடுவேன். "பாக்குறதையெல்லாம் படிச்சுக்கிட்டே வந்தா எப்பம்மா வீடு போய்ச் சேர்றது? காலப் பாத்து நட" என்று கையைப் பிடித்து இழுப்பார். அவருக்குத் தமிழ் மட்டும்தான் வாசிக்கத் தெரியும்.

2001ஆம் ஆண்டு, நான் பத்தாம் வகுப்பு. எல்லார் அறையிலும் சிடி ஓடும் பெட்டி வந்துவிட்டது, மொட்டை மாடிகளில் டிஷ் முளைத்துவிட்டது. காசெட் கேட்டு வருகிறவர்கள் வெள்ளிக்கிழமையில்கூட நாலைந்து பேர்தான். அப்பாவும் ஒரு வருட ஒப்பந்தம்தான் போட்டிருந்தார், ஜனவரியிலிருந்து டிசம்பர் வரை. இந்த ஊர் வழக்கப்படி நான்கு காசோலைகளைத் தேதி போட்டு முன்கூட்டியே கொடுத்திருந்தார். ஜனவரிக்கு உரியதும் ஏப்ரலுக்கு உரியதும் எப்படியோ போய்ச் சேர்ந்தன. ஜூலைக் காசோலைக்கு வங்கியில் ஒன்றும் இல்லை. கட்டட முதலாளியின் அலுவலகத்தைப் பார்த்துக்கொண்டவர் ஸ்டீபன், மார்த்தாண்டத்துக்காரர். அப்பா அவரிடம் போய், கடையை மூடப்போகிறேன், காசோலையை இப்போது வங்கியில் போடாதீர்கள் என்று கேட்டுக்கொண்டார். அவரும் ஒத்துக்கொண்டு, "வெரசா காலி பண்ணி சாவியக் கொண்டு தாரும்" என்று மட்டும் சொன்னாராம்.

இங்கேதான் என் பங்குக்கு நான் ஒரு தப்பு செய்தேன். கடைச் சுவரில் ஊரிலிருந்து வந்த நாள்காட்டி தொங்கும். தினமும் தாளைக் கிழித்து, பின்னால் உள்ளதையும் சேர்த்து அப்பாவுக்குப் படித்துச் சொல்வேன். ஜூலை நடுவில் அப்படிக் கிழித்தபோது, "அப்பா, நாளைக்கு ஆடி ஒண்ணு" என்றேன். அப்பா அடுக்கிக்கொண்டிருந்த பெட்டியை அப்படியே வைத்துவிட்டார். "ஆடி பொறந்துருச்சா? ஆடியில யாரும்மா எடத்தக் காலி பண்ணுவா? ஆவணி பொறக்கட்டும்." நானும் விடவில்லை. ஆடியில் என்னென்ன செய்யக்கூடாது என்று நாள்காட்டியின் பின்பக்கத்தில் போட்டிருந்ததை ஒன்றுவிடாமல் வாசித்துக் காட்டினேன், பெரிய அறிவாளி மாதிரி. ஸ்டீபனிடமும் ஆவணியில்தான் சாவி என்று சொல்லிவிட்டார். கடை மூடியே கிடந்தது. சாவி அப்பாவின் சட்டைப் பையிலேயே ஒரு மாதம் இருந்தது. ஆவணி முதல் நாள் குளித்துவிட்டுப் போய், மிச்சம் இருந்த காசெட்டுகளை ஏற்றிக்கொண்டு, சாவியைக் கட்டடக் காவலாளியிடம் கொடுத்துவிட்டு வந்தார். ரசீது வாங்கவில்லை. பிறகு ஸ்டீபன் கூப்பிட்டார் என்று போய், கடை உரிமத்தை ரத்து செய்யும் தாளில் கையெழுத்துப் போட்டார். அத்தோடு எல்லாம் தீர்ந்தது என்று நினைத்தார். அவர் முகத்தில் ஒரு நிம்மதி வந்தது. சூப்பர்மார்க்கெட்டில் வேலையும் பேசி முடிந்தது, விசா மாற்ற வேண்டியதுதான் பாக்கி.

அக்டோபர் இரண்டாம் வாரம் ஸ்டீபன் வீட்டுக்குத் தொலைபேசியில் அழைத்தார். நான்தான் எடுத்தேன். அப்பாவிடம் கொடுத்தேன். அப்பா கேட்டுக்கொண்டே இருந்தார். ஜூலைக் காசோலை, அக்டோபர் காசோலை, இரண்டையும் வியாழக்கிழமை வங்கியில் போடுகிறார்களாம். ஒப்பந்தம் டிசம்பர் வரை, ஆகவே ஆறு மாத வாடகையும் வந்தாக வேண்டுமாம். அந்தக் காலத்தில் காசோலை திரும்பினால் என்ன நடக்கும் என்று உனக்குத் தெரியாது. நேரே காவல் நிலையம். கடவுச்சீட்டு அங்கே போய்விடும், ஆள் உள்ளே. புது வேலை அதோடு போச்சு. விசா இல்லாமல் எங்களால் இருக்க முடியாது, எனக்கு மார்ச்சில் பொதுத்தேர்வு. அப்பா போனை வைத்துவிட்டு அதன் பக்கத்திலேயே உட்கார்ந்தார். "ஒப்பந்தத்துல கையெழுத்துப் போட்டது நான்தானே. அவங்க கேக்குறது நியாயந்தான்" என்று சொன்னார். அவர் பயந்ததைவிட, அதை நியாயம் என்று நம்பியதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

அடுத்த நாள் அம்மா ரொட்டி வாங்கி வரச் சொன்னாள். எங்கள் பழைய கடையில் இப்போது ஒரு பதான் பாய் ரொட்டி சுடுகிறார் என்று தெரியும். ஆனால் அதுவரை நான் அங்கே போகவில்லை, மனசு வரவில்லை. அன்று போனேன். காசெட் அலமாரி இருந்த இடத்தில் மண் அடுப்பு. நான் உட்கார்ந்து பெயர் எழுதிய மூலையில் மாவு மூட்டை. எனக்கு முன்னால் ஐந்தாறு பேர் நின்றார்கள். என் பழக்கம் உனக்குத்தான் தெரியுமே, கண் சுவரைத் தேடியது. கண்ணாடிச் சட்டத்துக்குள் கடை உரிமம். இந்த நாட்டில் எல்லாக் கடையிலும் அதை ஆள் பார்க்கும்படி மாட்டியே ஆக வேண்டும். கண்ணாடி முழுக்க மாவு. துப்பட்டாவின் நுனியால் துடைத்துவிட்டுப் படித்தேன். கடையின் பெயர், கடை எண் நான்கு, வழங்கப்பட்ட தேதி செப்டம்பர் பத்து.

"என்ன மகளே, முனிசிபாலிட்டியிலேர்ந்து செக்கிங்கா?" என்று அந்த பாய் இந்தியில் கேட்டார். நின்றவர்கள் சிரித்தார்கள். நான் பள்ளி இந்தியில், "நீங்கள் பத்தாம் தேதியிலிருந்தா வாடகை கொடுக்கிறீர்கள்?" என்று கேட்டேன். "பின்னே? லைசென்ஸ் வந்த நாளிலிருந்து. அதற்கு முன்னாடியே எடுத்திருப்பேன், ஜூலையிலேயே வந்து பார்த்தேன். பழைய கடைக்காரன் சாவி தர மாட்டேங்கிறான், அவங்க ஜாதகத்துல மாசம் சரியில்லையாம்னு ஆபீஸ்ல சொன்னாங்க. யார்றா இந்தப் பைத்தியக்காரன்னு நினைச்சேன்!" என்றார். என் காது சூடாகிவிட்டது. அந்தப் பைத்தியக்காரனுக்கு நாள்காட்டி வாசித்துக் காட்டியவள் நான்தான் என்று எப்படிச் சொல்வது? ரொட்டிப் பொட்டலத்தின் மேலேயே அந்தத் தேதியை எழுதிக்கொண்டு ஓடி வந்தேன்.

வீட்டில் அப்பாவிடம் சொன்னபோது முதலில் அவருக்குப் புரியவில்லை. "அவரு எப்ப வந்தா நமக்கென்னம்மா?" என்றார். நான் காகிதத்தில் ஒரு கோடு போட்டேன். ஜூலையிலிருந்து டிசம்பர் வரை நீளமான கோடு. செப்டம்பர் பத்தில் ஒரு வெட்டு. "அப்பா, இந்தப் பக்கம் கடை யாருக்கும் பயன்படலே, முதலாளிக்கு நஷ்டம். அது நம்ம தர வேண்டியது. இந்தப் பக்கம் ரொட்டிக்காரர் தர்றார். அதே கடைக்கு அதே நாளைக்கு நீங்களும் தரணுமா?" அப்பா அந்தக் கோட்டையே பார்த்தார். பிறகு சட்டையை மாட்டிக்கொண்டு, "வா, நீயும் வா. எனக்கு இதைச் சொல்லத் தெரியாது" என்றார். பார்ப்பதையெல்லாம் படிக்காதே என்று சொன்ன மனிதர், முகிலா! என் வாழ்க்கையில் அதைவிடப் பெரிய பரிசு எனக்கு யாரும் தந்ததில்லை.

அலுவலகத்தில் ஸ்டீபன் எங்களைப் பார்த்ததும், "பைசா கொண்டு வந்தீரா? புள்ளையள ஏன் ஓய் கூட்டிட்டு அலையுதீரு?" என்றார். அப்பா என் முதுகில் கை வைத்தார். நான் நிமிர்ந்து நின்று, வகுப்பில் பதில் சொல்வது போலத் தொடங்கினேன்.

"சார், ரொட்டிக் கடை லைசென்ஸ்ல செப்டம்பர் பத்துன்னு இருக்கு."

"இருக்கட்டும் மக்கா. அது ஆபீஸ் காரியம். ஒனக்க அப்பா கையொப்பு போட்டது டிசம்பர் வரைக்கும். இடையில போனா அது அவருக்க பாடு."

"ஆனா அவங்க வாடகையும் வாங்குறீங்க, எங்க செக்கையும் போடுறீங்க. அப்போ பத்தாம் தேதியிலருந்து ஒரு கடைக்கு ரெண்டு வாடகை வருதே சார்?"

"இவ வக்கீலுக்குப் படிக்கியாளா ஓய்?" என்று அப்பாவைப் பார்த்துக் கேட்டார். அவர் கெட்டவர் இல்லை, முகிலா. இதை எழுதும்போது அவருடைய தவிப்பும் எனக்குப் புரிகிறது. கையில் காசோலை இருக்கும்போது அதை வங்கியில் போடுவதுதான் வேலை என்று நினைத்தார், அவ்வளவுதான். நீ நினைத்த மாதிரியே.

எங்கள் சத்தம் கேட்டு உள்ளறையிலிருந்து முதலாளி வந்துவிட்டார். எல்லாரும் அவரை அர்பாப் என்றுதான் அழைப்பார்கள். உயரமான கிழவர், வெள்ளை அங்கி, கையில் தேநீர்க் கோப்பை. நன்றாக இந்தி பேசுவார். என்ன சத்தம் என்று கேட்டார். ஸ்டீபன் சொன்னார். பிறகு என்னைப் பார்த்து, "நீ சொல்" என்றார். நான் ரொட்டிப் பொட்டலத் தாளை நீட்டினேன். எண்ணெய்க் கறையோடு இருந்தது. அவர் தேதியைப் பார்த்தார், ஸ்டீபனைப் பார்த்தார். "ரொட்டிக்காரன் கான் எவ்வளவு தருகிறான்? இவரைவிடக் குறைவா?" ஸ்டீபன் மெதுவாக, "இல்ல அர்பாப், கொஞ்சம் கூடுதல்" என்றார். "அப்படியானால் பத்தாம் தேதிக்குப் பிறகு எனக்கு என்ன நஷ்டம்?" என்றார் முதலாளி.

எனக்கு அங்கேயே துள்ளிக் குதிக்க வேண்டும் போல இருந்தது. ஆனால் அவர் முடிக்கவில்லை. கோப்பையை மேசையில் வைத்துவிட்டு அப்பா பக்கம் திரும்பினார். "அதற்கு முன்னால்? ஜூலை பாதியிலிருந்து கடை பூட்டிக் கிடந்தது. ஆகஸ்டிலும் பாதி சாவி வரவில்லை. ஏன்?" அப்பா தலையைக் குனிந்துகொண்டு, தெரிந்த இந்தியில், எங்கள் மாதங்களில் ஆடி என்று ஒன்று உண்டு, அதில் இடம் விட்டுப் போக மாட்டோம் என்று சொன்னார். அதற்கு முதலாளி சொன்னது எனக்கு இன்றும் அப்படியே காதில் இருக்கிறது. "உங்கள் மாதம். நான் மதிக்கிறேன். ஆனால் அதற்கு வாடகை நீங்கள்தானே தர வேண்டும்?" அப்பா நிமிர்ந்து, "ஆமா. அது நான் தர்றேன்" என்றார். ஸ்டீபன்கூடச் சிரித்துவிட்டார்.

ஜூலை ஒன்று முதல் செப்டம்பர் ஒன்பது வரை உள்ள வாடகை எங்கள் பொறுப்பு. அலமாரியைப் பிடுங்கிய சுவரில் ஓட்டை அடைத்து வெள்ளை அடித்த செலவும் எங்களுடையது. நாங்கள் கொடுத்திருந்த முன்பணத்தில் அதைக் கழித்து, மிச்சத்தை நான்கு மாதத்தில் தருவது என்று பேசி, ஸ்டீபன் தன் கையால் எழுதினார், முதலாளி கையெழுத்துப் போட்டார். இரண்டு காசோலைகளையும் எங்கள் கையில் திருப்பிக் கொடுத்தார்கள். "கலாஸ், முடிந்தது" என்று சொல்லிவிட்டு முதலாளி கோப்பையை எடுத்துக்கொண்டு உள்ளே போனவர், கதவருகே நின்று, "இந்தப் பெண்ணைக் கடைசி வரை படிக்க வை" என்றார். நாங்கள் வெளியே வந்ததும் அப்பா காசோலைகளைக் கிழிக்கவில்லை. நான்காக மடித்து, சாவி இருந்த அதே சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். வீடு வரைக்கும் நடந்தே போனோம். ஒவ்வொரு பலகை முன்னாலும் அவரே நின்றார். "இது என்னம்மா எழுதியிருக்கு? அது? அந்தப் பச்சைல இருக்கே, அது?" மருந்துக் கடை, டயர் கடை, பல் டாக்டர், டைப்பிங் சென்டர், ஒன்றுவிடாமல் படிக்கச் சொன்னார். பத்து நிமிட வழிக்கு ஒரு மணி நேரம் ஆனது. ஊர்வலம் போவது போல இருந்தது எனக்கு. அடுத்த மாதம் விசா மாறியது. மார்ச்சில் தேர்வு எழுதினேன்.

இனி உன் விஷயத்துக்கு வருகிறேன். நீ இப்போது அந்த மேசைக்கு மறுபக்கத்தில் உட்கார்ந்திருக்கிறாய். அதனால் உனக்கு உரிமையே இல்லை என்று நான் சொல்லவில்லை. நிறைய இருக்கிறது. நேசன் கடையை மூடியதிலிருந்து டீக்கடைக்காரர் வரும் நாள் வரை உள்ள வாடகை உன்னுடையது, கூச்சப்படாமல் கேள். அவர் மாட்டிவிட்டுப் போன கண்ணாடியைக் கழற்றவும் சுவரைச் சரிசெய்யவும் ஆகிற செலவு உன்னுடையது, முன்பணத்தில் கழித்துக்கொள், பில்லை வைத்திரு. டீக்கடைக்காரர் நேசனைவிடக் குறைவாகத் தருவதாக இருந்தால், ஒப்பந்தம் முடியும்வரை அந்த வித்தியாசத்தையும் கேட்கலாம். ஆனால் அவர் வரும் நாளிலிருந்து நேசனிடம் அந்த வித்தியாசத்துக்கு மேல் ஒரு திர்ஹம்கூட வாங்கக் கூடாது. உனக்கு வந்த நஷ்டத்தை ஈடுசெய்யத்தான் அந்தக் காசோலை. இப்போது காசோலை திரும்பினால் அந்தக் காலம் மாதிரி நேரே சிறை இல்லை என்கிறார்கள். இருக்கலாம். சட்டம் மாறிவிட்டது என்பதற்காக இந்தக் கணக்கு மாறிவிடாது. சரியாக எப்படி என்று தெரிய வேண்டுமானால் அஜ்மானில் ஒரு வக்கீலைப் பார், பணத்துக்கு நான் பொறுப்பு.

இன்னொன்று. நேசன் சாவியை எந்தத் தேதியில், யார் கையில் கொடுத்தார்? உன் செய்தியில் அது இல்லை. அவருக்கும் ரசீது வாங்கத் தெரிந்திருக்காது, என் அப்பாவைப் போல. அவர் கேட்காவிட்டாலும் நீ எழுதிக் கொடு. உனக்கு நஷ்டம் வரும் தாளானாலும் கொடு. ஷார்ஜாவுக்கு நீயே போ, போனில் சொல்லாதே. போகும்போது கணக்கை ஒரே தாளில் எழுதிக்கொண்டு போ. காலியாகக் கிடந்த நாட்கள், செலவு, முன்பணம், மிச்சம். அதை அவர் முன்னால் வைத்து, இரண்டு காசோலைகளையும் அங்கேயே அவர் கையில் திருப்பிக் கொடு. அவர் என்ன சொல்கிறார் என்று எனக்கு எழுது. கைதட்டும் படம் அப்போது நான் அனுப்புகிறேன், நான்கு இல்லை, நாற்பது.

அந்தத் தாளின் கடைசி வரியில், டீக்கடைக்காரரின் வாடகை எந்தத் தேதியில் தொடங்குகிறது என்பதைப் பெரிதாக எழுது. நேசனுக்கு ஒன்பதாவது படிக்கிற மகள் இருக்கிறாள். போன தடவை நாம் தையல் கடைக்குப் போனபோது, ஊசி டப்பாவின் மேல் அச்சடித்திருந்ததைக்கூட வாய்விட்டுப் படித்துக்கொண்டிருந்தாள், நான் பார்த்தேன். அந்தத் தேதியை அவள் நம் கடைச் சுவரில் தேடிக் கண்டுபிடிக்க வேண்டியதில்லை. என்றைக்காவது அங்கே வந்தால், டீ குடித்துவிட்டுப் போகட்டும்.

உன் அம்மா